பந்து யாரோட கையில இருக்கு? வாசகர் கேள்வி, அண்ணன் பதில்

போன மாசம் இந்தப் பகுதியில ஒரே ஒரு வரிதான் எழுதினேன், "பையன் கேம் விளையாடறான்னு திட்டறதுக்கு முன்னாடி அந்த கேம்ல காசு எங்கேருந்து வந்து எங்க போகுதுன்னு பாருங்க"ன்னு. அதுக்கே இவ்ளோ கடிதம். சுங்கை சிப்புட் டவுன்ல ஒன்பது வருஷம் சிசி, அதான் சைபர் கஃபே, நடத்துனவன் நான், பதினாலு கம்ப்யூட்டர், ஒரு பெரிய காத்தாடி, வாசல்ல பையன்களோட சிலிப்பரும் சைக்கிளும். அந்த ஞாபகத்தோடயே பதில் சொல்றேன்.

கேள்வி: தம்பி, நாங்க செம்பனைத் தோட்டத்துல இருக்கோம். என் மகன் படிவம் 5, இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. மொபைல் லெஜண்ட்ஸ்னு போன்ல ஆடற கேம் நல்லா விளையாடறானாம், கேஎல்லேருந்து (கோலாலம்பூர்) ஒரு டீம்காரங்க கூப்பிட்டு மாசம் 1,500 வெள்ளி (ரிங்கிட்), தங்க இடம், சாப்பாடு எல்லாம் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. ஸ்கூல நிறுத்திட்டு போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அனுப்பலாமா? (ஓர் அம்மா, சுங்கை சிப்புட்)

பதில்: அக்கா, உங்க மகனுக்குத் திறமை இருக்குன்னே வச்சிக்குவோம், சும்மா யாரும் போன் பண்ணிக் கூப்பிட மாட்டாங்க. ஆனா நீங்க முதல்ல புரிஞ்சிக்க வேண்டியது அவன் திறமைய பத்தி இல்ல, இந்த வியாபாரம் எப்படி நடக்குதுன்றத பத்தி.

தோட்டத்துத் திடல்ல பசங்க பந்து உதைக்கிறாங்கல்ல, அந்த காற்பந்து ஆட்டம் யாருக்கு சொந்தம்? யாருக்கும் இல்ல. ஒரு லீக்கை மூடினாலும் இன்னொரு லீக் ஆரம்பிக்கலாம், கோல் கம்பம் இல்லன்னா ரெண்டு செருப்ப வச்சி விளையாடலாம். கேம் அப்படி இல்லக்கா. மொபைல் லெஜண்ட்ஸ் மூன்டன்ற கம்பெனியோட சொத்து, அந்தக் கம்பெனிய 2021ல டிக்டாக் வச்சிருக்கிற பைட்டான்ஸ் வாங்கிருச்சி. திடல், பந்து, விதிமுறை, ரெஃபரி, எந்த டீம் லீக்ல ஆடலாம் எது ஆடக்கூடாதுன்றது வரைக்கும் எல்லாம் அவங்க கையில. லீக் நடத்துறதே பெரும்பாலும் கேமுக்கு விளம்பரம்தான், மேட்ச் பார்த்துட்டு பசங்க திரும்ப வந்து கேம் விளையாடி ஸ்கின், அதாவது கேம் ஆளுக்குப் போடற அலங்கார உடுப்பு, வாங்கணும், அதுதான் கணக்கு. டிக்கெட் வித்து வர்ற காசெல்லாம் அதுக்குப் பக்கத்துலயே வராது.

இதுக்கு ஒரு பெரிய உதாரணம் அமெரிக்காவுல நடந்துச்சி. பிளிசார்ட் கம்பெனி 2018ல அவங்களோட ஓவர்வாட்ச் கேமுக்கு ஓவர்வாட்ச் லீக்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க, ஊருக்கு ஒரு டீம், காற்பந்து கிளப் மாதிரி. ஒரு டீம் எடுக்க சுமார் 20 மில்லியன் டாலர்னு அப்ப செய்தி வந்துச்சி, பெரிய பெரிய பணக்காரங்க போட்டி போட்டு எடுத்தாங்க, மறு வருஷமே 20 டீம் ஆயிருச்சி. 2023ல எல்லாம் முடிஞ்சிருச்சி. டீம்காரங்க ஓட்டு போட்டு வெளிய வந்தாங்க, ஆளுக்கு 6 மில்லியன் கொடுத்து அனுப்புனாங்கன்னு செய்தி. 20 மில்லியன் போட்டவனுக்கே இந்த நிலமைன்னா 17 வயசு பையனோட நிலமைய யோசிச்சுப் பாருங்க. இன்னொன்னும் சொல்லிடறேன், ஃபேஸ் கிளான்னு உலகம் முழுக்க பசங்க சட்டை வாங்கிப் போட்ட டீம், 2022ல பங்குச் சந்தைக்கு வந்தப்ப மதிப்பு 725 மில்லியன் டாலர், அடுத்த வருஷமே அதை சுமார் 17 மில்லியனுக்கு இன்னொரு கம்பெனி வாங்க ஒப்பந்தம் போட்டுச்சி. ரசிகர் கூட்டம் இருந்துச்சி, பேரு இருந்துச்சி, கைக்கு வர்ற வருமானம்தான் இல்ல.

இப்ப உங்க கையில இருக்கிற விஷயத்துக்கு வர்றேன். 1,500 வெள்ளின்றது நம்ம நாட்டு குறைந்தபட்ச சம்பளத்துக்கும் கீழ, 2025லேருந்து அது 1,700. "இது சம்பளம் இல்ல, அலவன்ஸ்"னு சொல்வாங்க, சொன்னா உடனே கேளுங்க, அப்ப இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) உண்டா, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி, பரிசுப் பணத்துல எத்தனை சதவீதம் பையனுக்கு, எத்தனை நாளுக்குள்ள கொடுப்பாங்க. முக்கியமா, வேற டீம் கூப்பிட்டா இவன விடறதுக்கு இவங்க எவ்ளோ கேப்பாங்க. அந்தத் தொகையப் பெருசா எழுதி வச்சிட்டா பையன் அங்கயே மாட்டிக்குவான், ஆட வைக்கவும் மாட்டாங்க, அனுப்பவும் மாட்டாங்க. அவனுக்கு 18 ஆகலன்னா அவன் மட்டும் கையெழுத்துப் போடற ஒப்பந்தம் பொதுவா நம்ம சட்டப்படி செல்லாது, அதனாலதான் உங்க கையெழுத்து கேப்பாங்க. அவங்க கேக்கற அன்னிக்கே போடாதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க, அரசாங்க சட்ட உதவி இலாகாவுலயாவது காட்டுங்க.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, என் சிசியில ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்ல எப்பவும் ஒருத்தன் உக்காந்திருப்பான். காலையில அப்பாவோட பால்மரம் (ரப்பர்) வெட்டப் போயிட்டு மத்தியானம் வருவான், கையில பால் வாசம் போயிருக்காது, மௌசத் தொடறதுக்கு முன்னாடி சட்டையில ரெண்டு தடவ கையத் துடைச்சிக்குவான். டோட்டான்ற கேம்ல அவன் ஆடறத பார்க்க மத்த பசங்க விளையாடறத நிறுத்திட்டு பின்னாடி வந்து நிப்பாங்க. கேஎல்ல ஒரு டீம் எடுத்தாங்க. ரெண்டு மாசம் சம்பளம் வந்துச்சி, மூணாவது மாசத்துலேருந்து "ஸ்பான்சர் காசு இன்னும் வரல"ன்னாங்க, அஞ்சு மாசம் அப்படியே ஓடுச்சி. ஒப்பந்தம் பதினோரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ், அதுல சம்பளம் எந்தத் தேதியில குடுக்கணும்ன்ற ஒரு வரி இல்ல. கடைசியில ராத்திரி பஸ்ஸுல வந்து இறங்குனான், கீபோர்ட 10 கிலோ அரிசிப் பையில சுத்தி வச்சிருந்தான். அந்தப் பாக்கி இன்னிக்கு வரைக்கும் வரல. அவன் கெட்டிக்காரன்தான் அக்கா, அவன்கிட்ட தப்பு இல்ல. காகிதத்தப் படிச்சுச் சொல்ல நாங்க யாரும் கூட இல்ல, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

எஸ்.பி.எம். முடிக்கட்டும். அது வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு ஒரு டீம் சொன்னா, அந்த டீம் இவன எத்தனை நாள் வச்சிருக்கும்னு அதுலயே தெரிஞ்சிருச்சி. லீவுல டிரயல்ஸ் போகட்டும், நீங்களும் கூடப் போங்க, அவங்க தங்க வைக்கிற வீட்ட பாருங்க, அங்க இருக்கிற மத்த பசங்ககிட்ட தனியா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன மாசச் சம்பளம் வந்துருச்சாய்யா?"

கேள்வி: அண்ணே, டோட்டா 2 கேமோட இன்டர்நேஷனல் போட்டியில 40 மில்லியன் டாலர் பரிசுன்னு சொல்றாங்களே, அவ்ளோ காச கம்பெனியா குடுக்குது? (படிவம் 4 மாணவன்)

பதில்: இல்ல தம்பி, குடுத்தது உன்ன மாதிரி ஆளுங்கதான். அந்த கேமோட சொந்தக்காரங்க வால்வ் கம்பெனி தன் கையிலேருந்து போட்டது 1.6 மில்லியன். மிச்சம் பேட்டில் பாஸ்னு கேமுக்குள்ள காசு கட்டி வாங்கற சீட்டு வித்து வந்தது, அதுல விக்கிற ஒவ்வொரு டாலருக்கும் 25 சென்ட் பரிசுக்குப் போகும், 75 சென்ட் வால்வுக்கு. நீயே ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போடு. 40 மில்லியன்ல 1.6 கழிச்சா 38.4. அது கால் பங்குன்னா மொத்த விற்பனை 150 மில்லியனுக்கும் மேல, கம்பெனி பக்கம் போனது சுமார் 115 மில்லியன். 2020ல நடக்க வேண்டியது, கோவிட்னால 2021 அக்டோபர்ல புக்காரெஸ்ட்ல பார்வையாளர் இல்லாம நடந்துச்சி, டீம் ஸ்பிரிட் ஜெயிச்சி 18 மில்லியனுக்கு மேல எடுத்துட்டுப் போனாங்க. 2023ல வால்வ் அந்த பேட்டில் பாஸ் முறைய மாத்திட்டாங்க, பரிசுத் தொகை 3 மில்லியன் சொச்சத்துக்கு இறங்கிருச்சி. ஆட்டம் அதேதான், ஆடறவங்களும் அதே ஆளுங்கதான், கம்பெனி ஒரு முடிவு எடுத்ததுல பத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிருச்சி பாரு. உனக்கு இன்னொன்னு தெரியணும், 2013ல அதே போட்டியில நம்ம மலேசியாவோட ஆரஞ்ச் டீம் மூணாவது இடம் வந்தாங்க. அன்னிக்கு என் சிசியில ராத்திரி மூணு மணிக்கு யாருமே வீட்டுக்குப் போகல.

கேள்வி: என் பையன் என் ஹேண்ட்போன்ல கேமுக்குள்ள செலவு பண்ற வைரம் வாங்கி 640 வெள்ளி பில் வந்திருக்கு. லோரி ஓட்டறவன் நான். கேம் இலவசம்னுதான சொன்னான்? (ஒரு தகப்பன், லிந்தாங்)

பதில்: ஐயா, படிக்கும்போதே மனசு கஷ்டமாயிருச்சி. இலவசம்னு பையன் சொன்னது பொய் இல்ல, டவுன்லோடு பண்ண காசு இல்ல, விளையாட காசு இல்ல. நூறு பேர் விளையாண்டா பெரும்பாலானவங்க ஒரு காசும் குடுக்க மாட்டாங்க, கொஞ்சம் பேர் குடுக்கறதுலதான் மொத்தக் கம்பெனியும் ஓடுது. அந்தக் கொஞ்சம் பேர்ல உங்க பையனும் சேர்ந்துட்டான்.

எப்படி இழுக்கறாங்கன்னு சொல்றேன், ஏன்னா பையன மட்டும் அடிச்சி பிரயோஜனம் இல்ல. முதல்ல வெள்ளிய வைரமா மாத்திருவாங்க, மாத்தினதும் அது காசுன்ற எண்ணமே போயிரும். வைரம் விக்கிற பொட்டலமும் ஸ்கின்னோட விலையும் சரியா ஒத்துப் போகாது, எப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் இல்லன்னா கொஞ்சம் குறையும், அந்தக் குறைக்காக இன்னொரு பொட்டலம் வாங்க வைக்கும். அப்புறம் அதிர்ஷ்டக் குலுக்கல் ஒன்னு, சுத்த விட்டா என்ன வரும்னு தெரியாது, பத்து தடவ சுத்தி வரலன்னா "இவ்ளோ போட்டாச்சே, இன்னும் ஒரு தடவ"ன்னு தோணும். நாலு நம்பர் லாட்டரி எழுதறவங்கள பார்த்திருப்பீங்க, அதே ஆசைதான். பெல்ஜியம் நாட்டுல 2018லயே இந்த மாதிரி காசு கட்டித் திறக்கிற பெட்டிய சூதாட்டச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. நம்ம ஊர்ல பன்னண்டு வயசு பையன் ராத்திரி போர்வைக்குள்ள சுத்திட்டு இருக்கான், இது எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம்.

இப்ப செய்ய வேண்டியது. பிளே ஸ்டோர் வழியா வாங்கியிருந்தா 48 மணி நேரத்துக்குள்ள கூகுள்கிட்டயே திரும்பக் கேக்கலாம், அது தாண்டிருச்சின்னா கேம் கம்பெனிக்கு எழுதணும், சின்னப் பையன் பெத்தவங்களக் கேக்காம வாங்கிட்டான்னு சொல்லி. போன் கம்பெனி கடைக்குப் போயி பில்லோட சேத்து வாங்கற வசதிய நிறுத்தச் சொல்லுங்க. வாங்கறப்ப ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேக்கற மாதிரி வச்சிருங்க, அந்த பாஸ்வேர்டு பையனோட பொறந்த நாளா இருக்கக் கூடாது. அப்புறம் பையன பக்கத்துல உக்கார வச்சி, 640 வெள்ளிக்கு நீங்க எத்தனை டிரிப் அடிக்கணும்னு அவனையே எண்ணச் சொல்லுங்க.

கேள்வி: நம்ம செலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் டீம் ரியாத்துல ஜெயிச்சாங்களே, அந்தக் காசெல்லாம் எங்கேருந்து வருது அண்ணே? (இரு நண்பர்கள், குவாலா கங்சார்)

பதில்: 2024 ஜூலை, மொபைல் லெஜண்ட்ஸோட எம்.எஸ்.சி. போட்டி இறுதி ஆட்டம், பிலிப்பைன்ஸ் டீமை 4க்கு 3ன்னு ஜெயிச்சாங்க, மொத்தப் பரிசு 3 மில்லியன் டாலர், சேம்பியனுக்கு 1 மில்லியன். அந்தப் போட்டியில மலேசியா டீம் கப்பு தூக்குனது அதுதான் முதல் தடவ, நான் கண்ணு கலங்கிட்டேன். அது இ-ஸ்போர்ட்ஸ் வேர்ல்ட் கப்போட ஒரு பகுதியா நடந்துச்சி, அதோட பின்னாடி சவுதி அரசாங்கப் பணம் நிக்குது. அவங்களோட சாவி கேம்ஸ் குரூப் 2022லயே ஈ.எஸ்.எல்., ஃபேசிட்னு ரெண்டு பெரிய போட்டி நடத்தற கம்பெனிய 1.5 பில்லியன் டாலருக்கு வாங்கிருச்சி. எண்ணெய்க் காச வேற தொழில்ல போடணும், நாட்டுக்குப் பேர் வரணும், அந்தத் திட்டம். இன்னிக்கு ஆட்டக்காரங்களுக்கு நல்லதுதான், சம்பளம் ஏறியிருக்கு. ஆனா ஒரே வீட்டு அடுப்ப நம்பி எல்லா டீமும் உலை வைக்குது, அதான் எனக்குப் பயம்.

கேள்வி: நான் பொண்ணு, வரைவேன், விளையாட அவ்ளோ வராது. இந்தத் துறையில எனக்கு இடம் இருக்கா? (படிவம் 6 மாணவி)

பதில்: இருக்கு தங்கச்சி, ஆடறவங்களவிட உனக்குத்தான் நீண்ட நாள் வேலை இருக்கு. பால்டர்ஸ் கேட் 3 கேம் செஞ்ச லாரியன் கம்பெனிக்கு கேஎல்ல ஸ்டூடியோ இருக்கு. லெமன் ஸ்கைன்னு நம்ம நாட்டு ஸ்டூடியோ வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டுக்கு வரைஞ்சிருக்காங்க. ஃபைனல் ஃபேண்டசி 15ல வேலை செஞ்ச வான் ஹஸ்மெர் நாட்டுக்குத் திரும்பி வந்து சொந்த கம்பெனி வச்சி கேம் வெளியிட்டாரு. மார்க்க பாக்கறதுக்கு முன்னாடி நீ வரைஞ்சத பார்ப்பாங்க, அதனால தினமும் ஒரு படம் வரை, முடிச்ச படம், பாதியில விட்டது இல்ல. நம்ம லயத்து வீடு, பால் வாளி, கோயில் கொடிமரம் இதெல்லாம் வரை, அது வேற யாரோட ஃபைல்லயும் இருக்காது.

கேள்வி: எங்க தோட்டத்துல பிங் (நெட் தாமதம்) 180, எப்பவும் சிவப்பு. என்ன பண்றது? (முகவரி மட்டும் எழுதிய தம்பி)

பதில்: நீ விளையாடத் தெரியாம தோக்கல தம்பி, முதல்ல அத நம்பு. கேஎல் பையன் அமுக்குனா உடனே போகுது, நீ அமுக்குனா அது போய்ச் சேர்றதுக்குள்ள நீ செத்துட்ட. தொலைத்தொடர்பு ஆணையம் எம்.சி.எம்.சி.க்கு புகார் எழுது, தனியா எழுதாத, லயத்துல இருக்கிற பத்து வீட்டையும் எழுதச் சொல்லு, இடம், நேரம், பிங் நம்பர் எல்லாம் போட்டு. பக்கத்துல நாடி மையம் (அரசாங்க இன்டர்நெட் மையம்) இருந்தா அங்க போயி பயிற்சி பண்ணு. உங்க தோட்டத்துக் கோயில் பின்னாடி தண்ணி டேங்க் மேடு இருக்கே, அங்க சிக்னல் ரெண்டு கோடு கூட வரும்னு உன் ஊர்க்காரங்களே சொன்னாங்க, மழை நேரத்துல மட்டும் ஏறாத.