பந்தயக் குதிரையின் வேகம் பிறப்பில் வருவதா, வளர்ப்பில் வருவதா?

"பேர் போன பொலிகுதிரைக்குப் பிறந்த குட்டி கண்டிப்பாக ஜெயிக்குமா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். ஜெயிக்கும் என்று யாராவது சொன்னால் அவர் குட்டியை விற்க வந்தவராகத்தான் இருப்பார். எவ்வளவு தூரம் அதற்குத் தோதுப்படும் என்பதைப் பிறப்பு ஓரளவு சொல்லிவிடும். முதலில் வருமா என்பது வேறு கணக்கு.

தூரத்துக்குத் தெளிவான மரபணுவே இருக்கிறது. தசை கட்டுமீறி வளராமல் கடிவாளம் போடுவது மயோஸ்டாடின். இந்த மரபணுவின் ஓரிடத்தில் சி, டி என இரண்டு வடிவங்கள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று குட்டிக்கு வரும். டப்ளினில் எம்மலின் ஹில் தலைமையிலான குழு 2010ல் இதை வெளியிட்டது. இரண்டும் சி என்றால் சீக்கிரமே சதை பிடித்து, 1,000 முதல் 1,600 மீட்டர் வரையிலான குறுகிய ஓட்டங்களில் பறக்கும். இரண்டும் டி என்றால் 2,000 மீட்டரைத் தாண்டிய பந்தயங்களுக்கு ஏற்றது. கலந்து வந்தால் நடுத்தரம். ஆனால் இதை வைத்து எந்தப் பந்தயத்தில் இறக்கலாம் என்றுதான் முடிவு செய்யலாம். பக்கத்தில் ஓடுகிற குதிரைக்கும் அதே சி-சி இருக்கலாமே!

பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனத்தில் பிறப்பு வித்தியாசம் ஏற்கெனவே சுருங்கிப்போனது. இன்றுள்ள ஆண் குதிரைகளில் சுமார் 95 சதவீதம், 1700களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்த டார்லி அரேபியன் என்ற ஒரே குதிரையின் நேர் ஆண்வழி வாரிசு. நிற்கும்போது நிமிடத்துக்கு 35, 40 தடவை துடித்து, ஓட்டத்தில் 220ஐத் தாண்டும் இதயம், ஓடத் தொடங்கியதும் சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் இறக்கிவிடும் மண்ணீரல் எல்லாம் தோற்கிற குதிரைக்கும்தான் உண்டு.

மிச்சமிருக்கும் வித்தியாசத்தில் மரபின் பங்கு எவ்வளவு? எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வில்சன், ரம்பாட் இருவரும் 2008ல் வாழ்நாள் பரிசுப் பணத்தை வைத்துப் பார்த்தபோது சுமார் 10 சதவீதம்தான் வந்தது. (பரிசுப் பணம் கொஞ்சம் மோசமான அளவுகோல். ஓட்டத் திறன் மதிப்பெண்ணை வைத்துச் செய்த 1988 ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு வந்தது.) விலை உயர்ந்த தகப்பனின் குட்டிகள் அதிகம் சம்பாதிப்பது உண்மை. ஆனால் அவ்வளவு பணம் கொடுத்தவர் நல்ல தீவனம், நல்ல பயிற்சியாளர், நல்ல ஜாக்கிக்கும் கொடுப்பார். வெற்றிக்கான பேரை மட்டும் தகப்பன் வாங்கிக்கொள்கிறது! 2006ல் 1.6 கோடி டாலருக்கு விற்ற தி கிரீன் மங்கி மூன்றே பந்தயம் ஓடி ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. வெறும் 17,500 டாலருக்குப் போன சியாட்டில் ஸ்லூ 1977ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது.

வளர்ப்பு என்றால் பிறந்த பிறகு நடப்பது என்று நினைக்காதீர்கள். பெரிய ஷயர் இனத்தையும் குட்டையான ஷெட்லாண்டையும் இரண்டு விதமாகவும் இணைத்துப் பார்த்த 1938 ஆய்வில், ஷயர் வயிற்றில் வளர்ந்த குட்டி மிகப் பெரிதாகப் பிறந்தது. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. அப்பா, அம்மா இனக்கலப்பு இரண்டிலும் ஒன்றுதான், கருப்பை மட்டும் வேறு. போதாததற்கு, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் தாய்வழி மட்டுமே வருகிறது. இவ்வளவு இருந்தும் ஏலத்தில் தகப்பன் பெயருக்குத்தான் மவுசு.

பிறந்த பின் எலும்புதான் முக்கியம் என்பேன். சின்ன வயதில் திறந்த வெளியில் ஓடி விளையாடிய குட்டிக்கு எலும்பும் குருத்தெலும்பும் பாரத்துக்குப் பழகும். லாயத்திலேயே அடைபட்டதற்கு அது கிடைக்காது. பிறந்த மாதமும் விளையாடும். வடக்கு அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் கணக்குப்படி ஜனவரி 1தான் பிறந்தநாள் என்பதால், மே மாதக் குட்டி தன்னைவிட நாலு மாதம் மூத்ததோடு "அதே வயது" என்று ஓட வேண்டியிருக்கும்.

குட்டி பார்க்கப் போனால், அதே தாய் ஈன்ற மற்ற குட்டிகள் எப்படி ஓடின என்று முதலில் விசாரியுங்கள். தாய்வழிக்கு ஒரு உதாரணம்: 1973ல் அமெரிக்காவின் பெல்மாண்ட் பந்தயத்தை 31 குதிரை நீளத்தில் வென்ற செக்ரட்டேரியட்டுக்குப் பிறந்தவற்றில் அதற்கு இணையாக ஒன்றும் வரவில்லை. அதன் மகள்கள் ஈன்ற ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட் போன்றவைதான் பெரும் பொலிகுதிரைகளாக வந்தன.