அண்ணன் போட்ட பாகப்பிரிவினை வழக்கு: வழக்கறிஞரை எப்படித் தேர்வது, முதல் நாள் எதைச் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 52. உசிலம்பட்டிக்கு அருகே பிறந்த ஊர். 1994இல் திருமணமாகி மதுரையில் வசிக்கிறேன். அப்பா 2011இலும், அம்மா 2016இலும் உயில் எழுதாமல் காலமானார்கள். எனக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. 2012இல் பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும் என்று சொல்லி அண்ணன் அம்மாவையும் என்னையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கினார். இப்போது அவர் தம்பி மீதும் என் மீதும் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். நான் விடுதலைப் பத்திரம் (பங்குரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டதால் எனக்குப் பங்கு இல்லை என்று பிராதில் (அவர் தாக்கல் செய்த வழக்கு மனுவில்) இருக்கிறது. சம்மன் வந்து 9 நாள்கள் ஆகின்றன. வாய்தாவுக்கு இன்னும் 18 நாள்கள். ஃபீஸ் வேண்டாம், நிச்சயம் ஜெயிக்கலாம், வரும் பங்கில் நாலில் ஒன்று போதும் என்று சொல்லும் ஒரு வக்கீலிடம் போகும்படி உறவினர் சொல்கிறார். போகலாமா? அனுபவமுள்ளவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சந்திப்பில் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: சகோதரி, அவரிடம் போக வேண்டாம். வழக்கின் பலனில் பங்கு பேசி வழக்கு நடத்துவதை இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. அதைவிட எனக்குக் கவலை தருவது, நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தின் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் அவர் வெற்றியை உறுதி சொல்லியிருப்பதுதான். சொத்து வழக்கு நடத்திப் பழகியவர் முதலில் கேட்பது காகிதங்களை. கருத்துச் சொல்வது அதற்குப் பிறகு.

காலக்கெடுவைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அலட்சியமும் கூடாது. சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் எதிருரை, அதாவது பிராதுக்கு உங்கள் எழுத்துப்பூர்வப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாள்கள் வரை நீட்டிக்கலாம் என்கிறது உரிமையியல் விசாரணை முறைச் சட்டம். வாய்தா நாளில் உங்களுக்காக வக்காலத்துடன் (வழக்கை நடத்த நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் அதிகாரப் பத்திரத்துடன்) ஒரு வழக்கறிஞர் ஆஜராகாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடக்கூடும். அதை நீக்கக் கோரும் மனுவுக்கும் 30 நாள் கெடுதான். ஆகவே ஒரு வாரத்துக்குள் வழக்கறிஞரை முடிவு செய்துவிடுங்கள்.

பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் ஆண்டுக் கணக்கை வைத்து அனுபவத்தை அளக்க முடியாது. 20 ஆண்டுகள் விபத்து இழப்பீட்டு வழக்கு மட்டுமே நடத்தியவர் அதில் வல்லவராக இருக்கலாம். பத்திரத்தை மறுக்கும் பாகப்பிரிவினை வழக்கில், சாட்சிக் கூண்டில் நிற்கும் உங்கள் அண்ணனைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டும். நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம். ஒருநாள் காலை 10.30 மணிக்குச் சென்று பின்வரிசையில் உட்கார்ந்து கவனியுங்கள். வழக்குக் கட்டு கையில் இல்லாமல் வழக்கைத் தள்ளிவைக்கக் கேட்பவர் யார், ஆவணத்தின் பக்கத்தைச் சொல்லிக் கேள்வி கேட்பவர் யார் என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பேசப் போகும் வழக்கறிஞர் உங்கள் அண்ணனுக்கு முன்பு ஆலோசனை சொன்னவரா, அந்தப் பத்திரத்தைத் தயாரித்தவரா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்படியானால் அவர் உங்கள் வழக்கை எடுக்கக் கூடாது.

சந்திப்புக்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டிய மிக முக்கியமான காகிதம் அந்த 2012ஆம் ஆண்டுப் பத்திரத்தின் சான்றிட்ட நகல். சர்வே எண்ணைக் கொண்டு பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுத்தால் பத்திர எண் கிடைக்கும். அதை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுச் செய்யலாம். வில்லங்கத்தில் அந்தப் பதிவே இல்லையென்றால் அதுவும் பெரிய செய்தி. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இதனுடன் சம்மன், பிராது நகல், பெற்றோரின் இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, பட்டா, அப்பாவுக்குச் சொத்து வந்த மூலப்பத்திரம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். சம்மன் வந்த உறையையும், அதை வாங்கிய தேதியையும் தனியே பத்திரப்படுத்துங்கள்.

மூலப்பத்திரம் எதற்கு என்றால், சொத்து அப்பாவின் சுயசம்பாத்தியமா, பூர்வீகமா என்பதை அதுதான் காட்டும். சுயசம்பாத்தியமானால், உயில் இல்லாததால் மகள் என்ற முறையில் உங்களுக்குச் சம பங்கு உண்டு. பூர்வீகமானாலும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பங்கு தந்த, 1989 மார்ச் 25 முதல் அமலான தமிழ்நாட்டுத் திருத்தத்தின்போது உங்களுக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும், 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் மகளின் பங்கு பிறப்பால் வருவது என்பதை உறுதி செய்துவிட்டன. விடுதலைப் பத்திரம் நிற்காவிட்டால் நீங்கள் மூன்றில் ஒரு பங்குக்காரர். எனவே உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு பத்திரத்தைச் சுற்றித்தான்.

இப்போது எதைச் சொல்வது என்பதற்கு வருகிறேன். ஒரு நோட்டில், அந்த நாளில் நடந்ததை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். யார் அழைத்துப் போனார்கள், பத்திரத்தை யாராவது வாசித்துக் காட்டினார்களா, புகைப்படம் எடுத்துக் கைரேகை வைத்தார்களா, சார்பதிவாளர் உங்களிடம் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், அம்மா பக்கத்தில் இருந்தாரா என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்துங்கள். பட்டாப் பெயர் மாற்றம் வருவாய்த் துறையின் வேலை. பதிவு அலுவலகத்தில் விரல்ரேகை வைத்து எழுதிக் கொடுப்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் அண்ணன் பேச்சை நம்பிக் கைரேகை வைத்த பெண்கள் பலரை என் அலுவலகத்தில் சந்தித்திருக்கிறேன். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எழுதுங்கள். அன்று அண்ணன் ஏதாவது பணம் தந்தாரா? மகள் கல்யாணத்துக்கு நகை போட்டாரா? அதைப் பத்திரத்தில் பிரதிபலன், அதாவது பங்கை விட்டுக்கொடுத்ததற்கு ஈடு, என்று எழுதியிருக்கலாம். இந்தக் கேள்வியை எதிர்தரப்பு வழக்கறிஞர் கூண்டில் வைத்துக் கேட்கும்போது உங்கள் வழக்கறிஞர் முதல்முறையாகக் கேள்விப்படக் கூடாது. நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிட முடியாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. இன்னொரு தேதியையும் தவறாமல் குறியுங்கள்: அது விடுதலைப் பத்திரம் என்று உங்களுக்கு முதன்முதலில் எப்போது தெரிந்தது? ஆவணத்தை ரத்துச் செய்யக் கோர, அதற்கான காரணம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே கெடு. சம்மன் வந்த பிறகுதான் தெரிந்ததா, 5 ஆண்டுகளுக்கு முன் ஒரு விசேஷ வீட்டில் யாரோ சொன்னார்களா என்பதைப் பொறுத்து, எதிர்வாதத்தை அமைக்கும் விதமே மாறும்.

கட்டணத்தை வெளிப்படையாகப் பேசுங்கள். அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. எதிருரை, சாட்சி விசாரணை, வாதம் என்று கட்டம் கட்டமாக எவ்வளவு, உங்கள் பங்கையும் பிரித்துத் தரக் கேட்பதானால் கட்ட வேண்டிய நீதிமன்றக் கட்டணம் எவ்வளவு, விசாரணைக்கு அவரே வருவாரா, ஜூனியர் வருவாரா, எதிருரையைக் கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டுவாரா என்று கேளுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். முதல் நாளில் ஜெராக்ஸ் நகல்கள் போதும்; அசலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டி வரும்போது எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொண்டு தாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து யார் கேட்டாலும் போடாதீர்கள். பிறகு வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால், ஃபீஸ் பாக்கி என்பதற்காகப் பழைய வழக்கறிஞர் வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பணம் இல்லாததால்தான் அந்தப் பங்குப் பேச்சுக்கு மனம் போனது என்றால், பெண் என்ற ஒரே தகுதியில், வருமான வரம்பு எதுவுமின்றி, இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை சம்மனுடன் நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வழக்கறிஞர் அமையும் வரை அண்ணனிடமோ அண்ணியிடமோ இந்தப் பத்திரத்தைப் பற்றித் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் பேசாமல் இருங்கள். வில்லங்கச் சான்றுக்கு நாளைக்கே விண்ணப்பியுங்கள்.