ஓடாதேன்னு சொல்வது யார்?

கேள்வி: சென்னையிலிருந்து மகன் குடும்பம் லீவுக்கு வந்திருக்கிறது. பேரனுக்கு நாலு வயது. காலையும் மாலையும் டிவியில் குதித்து ஆடும் பாட்டுகளைப் போட்டு விடுகிறார்கள். கேட்டால், "இது எக்சர்சைஸ் நிகழ்ச்சி, டிவி பார்க்கிற கணக்கில் வராது" என்கிறான் மகன். வெளியே விடலாமென்றால் வெயில். வீட்டுக்குள் ஓடினால் விழுந்து வைப்பானோ என்று பயம். மகன் சொல்வது சரிதானா?
– ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்: பாதி சரி, ஆச்சி.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 3, 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. பிள்ளை நிஜமாகவே குதித்தால் அந்த நிமிடங்கள் விளையாட்டுக் கணக்கில்தான் சேரும். மகன் கட்சி இதுவரை ஜெயிக்கிறது.

அடுத்த முறை டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேரனை மட்டும் பாருங்கள். முதல் பாட்டுக்குக் குதிப்பான். இரண்டாவதுக்குக் கை மட்டும் ஆடும். மூன்றாவதுக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். நாலாவது ஓடும்போது சோபாவில் சாய்ந்திருப்பான். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். திரையில் பொம்மை சில நொடிக்கு ஒரு அசைவு மாற்றுகிறது. நாலு வயதுப் பிள்ளை அதைப் பார்த்து, புரிந்துகொண்டு, கையைக் காலைத் தூக்குவதற்குள் பொம்மை அடுத்ததுக்குப் போய்விடும். ஒற்றைக் காலில் நொண்டுவதே இந்த வயதில்தான் கைகூடுகிறது. வலக் கையால் இடது முழங்காலைத் தொடு என்றால் எங்கே போவான்? ஆடுவதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பிக்கிறான். ஆட்டோபிளே வேறு அடுத்த பாட்டைத் தானே இழுத்து வருகிறது.

அதே வழிகாட்டுதல் இந்த வயதுக்கு நாளைக்கு 180 நிமிட ஓட்டம் ஆட்டம் வேண்டும் என்கிறது. அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க. பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு இரைத்தால் சரி. ஒரே மூச்சில் வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாகச் சிதறிக் கிடந்தால் போதும். பாட்டு வீடியோ இந்த 180-இல் ஒரு ஓரத்தை நிரப்பும், அவ்வளவுதான்.

அந்த ஓரத்தையாவது ஒழுங்காக நிரப்ப மகனுக்கு ஒரு வழி: இரண்டு மூன்று நிமிடப் பாட்டாக ஒன்றே ஒன்று. வேகத்தை 0.75-க்குக் குறைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று கூடவே ஆடி, இரண்டு தடவை. மூன்றாம் தடவை படத்தை மறைத்துவிட்டுப் பாட்டு மட்டும். பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் உடம்பு தானாக ஆடும். ஆட்டோபிளே அணைந்தே இருக்கட்டும். யூடியூப் கிட்ஸில் நேரம் வைத்துப் பூட்டும் வசதியும் உண்டு.

எல்லா நிகழ்ச்சியையும் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். ஐஸ்லாந்தின் ஏரோபிக்ஸ் சாம்பியன் மாக்னஸ் ஷேவிங் உருவாக்கி 2004-இல் டிவிக்கு வந்த 'லேசிடவுன்' தொடரில் கதாநாயகன் குட்டிக்கரணம் போட்டபடிதான் வருவான்; பழத்துக்கும் காய்க்கும் அங்கே 'ஸ்போர்ட்ஸ் கேண்டி' என்று பேர். கதை ஓடும்போது பிள்ளைகள் அதையும் உட்கார்ந்துதான் பார்க்கும். முடிவில் வரும் ஆட்டப்பாட்டுக்குத்தான் எழுந்து நிற்கும். நிற்கிற அந்த நிமிடம் டிவியை நிறுத்திவிட்டு வளவுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்துக்குக் கூட்டிப் போனால் அழாமல் வரும். உட்கார்ந்த பிறகு நிறுத்தினால் ரகளைதான்.

இனி உங்கள் பக்கம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீடுகள் தெருவுக்குத் தெரு நீளும் ஊரில் இருந்துகொண்டு ஓட இடமில்லை என்றால் எப்படி ஆச்சி? சென்னையில் குதித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். உங்களுக்கு அதுவும் இல்லை. நாள் முழுக்க "ஓடாதே, விழுந்துடுவே" என்று சொல்லும் வாயை விடவா அந்த டிவி பிள்ளையை உட்கார வைத்துவிடும்?

விழுவதற்குக் காரணம் ஓட்டம் மட்டும் இல்லை. வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் காய்ந்திருந்தால் வெறுங்காலுக்குப் பிடிப்புக் கொடுக்கும். சாக்ஸ் போட்டால் வழுக்கும். ஈரத் துணியால் துடைத்ததும் வழுக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த அன்று கேட்கவே வேண்டாம். ஆகவே வெறுங்கால், துடைப்பது பிள்ளை தூங்கிய பிறகு, எண்ணெய் லீவு முடிந்து. வளவில் முற்றத்துக்கு இறங்கும் விளிம்பு இன்னொரு ஆபத்து. ஓடுகிற வேகத்தில் அந்தப் படி கண்ணில் படாது. விளிம்புக்கு இரண்டு அடி முன்னால் பட்டையாகக் கோலமாவு இழுத்து, அதுதான் எல்லை என்று சொல்லிவிடுங்கள். உச்சி வெயிலில் முற்றத்துக் கல் காலைச் சுடும். பத்து மணி முதல் நாலு மணி வரை முற்றத்தைச் சுற்றியுள்ள நிழலிலேயே ஆட்டம்.

ஆட்டத்துக்குப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். பூப்போட்ட கல்லில் மட்டும் கால் வைத்து அந்தக் கோடிக்குப் போய் வரச் சொல்லுங்கள். எட்டு அங்குலக் கல் என்றால் ஒன்று விட்டு ஒன்று தாண்டுவது இந்த வயதுக்கு அளவான தாவல். எல்லாக் கல்லும் ஒரே பூவாக இருந்தால் சாக்பீஸில் குறி போடுங்கள்.

பழம்புடவையைக் கிழித்து ஆரஞ்சுப் பழ அளவில் பத்துப் பந்து சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். நாலடி தள்ளி ஒரு பெரிய ஓலைக் கொட்டான் (கூடை). எறிய வேண்டும், சிதறியதைத் தானே ஓடிப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். நீங்கள் பொறுக்கிக் கொடுத்தால் ஓட்டம் உங்களுக்குத்தான். ஒரே பந்தை வைத்துக்கொண்டால் காத்திருக்கும் நேரமே அதிகம். கொட்டான் கவிழ்ந்துகொண்டே இருந்தால் அடியில் ஒரு படி அரிசியைத் துணியில் முடிந்து வையுங்கள்.

மூச்சு வாங்க வைப்பதற்கு மஞ்சுவிரட்டு. சிராவயல் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம், சென்னைப் பேரனுக்குத்தான் சொல்ல வேண்டும். முழ நீளத் துண்டைப் பின்பக்கம் கால்சட்டையில் செருகி ஒரு சாண் தொங்க விடுங்கள். காளை ஓட, மற்றவர் துண்டை உருவ வேண்டும். செருகத்தான் வேண்டும், முடிச்சுப் போட்டால் இழுத்த வேகத்தில் பிள்ளை மல்லாந்துவிடும். மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு மிடறு தண்ணீர், மறுபடி.

தூண் பிடிக்கும் நாலு மூலை ஆட்டத்துக்கு ஐந்து பேர் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களாக இருந்தால் பேரனே ஓயாமல் அவுட் ஆகி அழுவான். அவனை உப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடுங்கள். ஓடலாம், அவுட் கிடையாது.

ஒளிந்து பிடிக்கும் ஆட்டத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒரு கட்டுக்குள்தான். கிணற்றின் மேல் கம்பி வலை போட்டிருக்க வேண்டும், மாடிப் படிக்கதவு சாத்தியிருக்க வேண்டும். தேக்குக் கதவுகள் காற்றுக்கு அடித்துக்கொண்டு விரலை நசுக்காமல் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். பழைய டிரங்குப் பெட்டியும் மரப்பெட்டியும் உள்ளே ஏறினால் மூடிக்கொள்ளும், உள்ளிருந்து திறக்க வராது. அவை எல்லாவற்றையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் கண்ணைப் பொத்தி எண்ணத் தொடங்க வேண்டும்.