பெடலிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டர் மூடுகிறதா?

கேள்வி: என்னிடம் 1960-களில் வந்த செடான் ஒன்று இருக்கிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய எஸ்.யூ. கார்புரேட்டர் தேய்ந்துபோனதால் அதைக் கழற்றிவிட்டு வெபர் 32/36 என்ற கார்புரேட்டரை மாட்டினேன். ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து வளையாத இரும்புக் கம்பிகள் வழியாகப் போகும் பழைய இணைப்பு இதற்குப் பொருந்தவில்லை. அதனால் ஒரு பைக் கேபிளைப் போட்டிருக்கிறேன். அதன் அவுட்டரை, அதாவது வெளி உறையை, இன்ஜின் அறையின் பக்கத் தகட்டில் கிளாம்ப் செய்திருக்கிறேன். வண்டி ஓடுகிறது. ஆனால் மேட்டில் இழுவை இல்லை. முதல் கியரில் கிளட்சை விடும்போது எகிறி எகிறிப் போகிறது. காலை எடுத்த பிறகும் இன்ஜின் வேகம் மெல்லத்தான் இறங்குகிறது. பெடல் 70 மி.மீ. அழுந்துகிறது. பெடல் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் 210 மி.மீ., கேபிள் மாட்டிய இடம் 60 மி.மீ. கார்புரேட்டர் லீவரில் 30 மி.மீ. ஆரத்தில் கேபிள் நிற்கிறது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: ஜெட்டைத் தொடாதீர்கள். அளவெல்லாம் எடுத்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் கடிதத்தைப் படித்தபோதே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

நீங்கள் கடைசியாகச் சொன்ன புகாரை நான் முதலில் எடுக்கிறேன். காலை எடுத்தும் வேகம் உடனே இறங்கவில்லை என்றால், அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம். பல வருடங்களுக்கு முன் நான் மாற்றிக் கட்டிய ஒரு காரில், லீவரை இழுத்து மூடும் ஸ்பிரிங் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓட்டத்தில் அதன் கொக்கி ஒடிந்தது. காலை எடுத்துவிட்டேன், பெடலும் மேலே வந்துவிட்டது, வண்டி மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கிளட்சை மிதித்து, சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்பி (முழுக்கத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்) ஓரம் கட்டினேன். அன்றைய பயம் இன்னும் போகவில்லை.

பெடல் மேலே வந்தும் வண்டி ஏன் நிற்கவில்லை? கம்பி இணைப்பு தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். கேபிளால் இழுக்க மட்டும்தான் முடியும். பெடலில் எவ்வளவு பலமான ஸ்பிரிங் போட்டாலும் அது பெடலைத்தான் தூக்கும், கார்புரேட்டரை மூடாது. மூடும் வேலைக்கான ஸ்பிரிங் கார்புரேட்டர் லீவரிலேயே இருக்க வேண்டும். வெபருக்குள் ஒன்று இருக்கிறது. அது போதும் என்று விடாமல், வெளியே இன்னொன்றைத் தனிக் கொக்கியில் மாட்டுங்கள். அது லீவர் சுழலும் அதே தளத்தில் நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் ஸ்பிண்டில் (லீவர் சுழலும் அச்சு) உட்காரும் புஷ் தேய்ந்து காற்று உள்ளே புகும்.

அப்புறம் ஒரு சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேபிளைக் கழற்றி, லீவரைக் கையால் திறந்து விடுங்கள். 'டக்' என்று மூட வேண்டும். மூடினால் குறை கேபிளில் இருக்கிறது. எங்கோ முடுக்காக வளைகிறது என்று அர்த்தம். நீளமான, சோம்பலான ஒரே வளைவாக, எக்ஸாஸ்ட் சூடு படாத வழியில் கொண்டுபோங்கள்.

எகிறுவதற்குக் காரணம் அந்தக் கிளாம்ப். கிளட்ச் பிடிக்கும்போது இன்ஜின் தன் ரப்பர் மவுண்டில் சாய்கிறது. கார்புரேட்டரும் கூடவே நகர்கிறது. அவுட்டரின் முனை பாடியில் நிற்பதால், இன்ஜின் சாயும்போதெல்லாம் கேபிள் தானாக இழுபடுகிறது. திறந்து, மூடி, திறந்து... வண்டி குதிக்காமல் என்ன செய்யும்? அவுட்டரை நிறுத்தும் பிராக்கெட்டை மேனிஃபோல்டிலோ (கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய்) கார்புரேட்டர் போல்ட்டிலோ கட்டுங்கள். கனமான தகடாக இருக்கட்டும், பிராக்கெட் வளைந்தால் அந்த அளவுக்கு இழுப்பு வீணாகும். இன்ஜின் ஆடும்போது இழுபடாத அளவுக்கு அவுட்டருக்கு நடுவில் தளர்வு விடுங்கள்.

இனி இழுவை. உங்கள் பெடல் 70 மி.மீ. போனால் கேபிள் நகர்வது 70 × 60 ÷ 210, அதாவது 20 மி.மீ. 30 மி.மீ. லீவரை 20 மி.மீ. இழுத்தால் ஏறக்குறைய 40 டிகிரிதான் திரும்பும். முழுக்கத் திறக்க 80 டிகிரி அளவில் வேண்டும். 32/36 என்பதில் 32 மி.மீ. என்பது காற்று போகும் முதல் துளை, 36 மி.மீ. இரண்டாவது. முதல் துளை மூன்றில் இரண்டு பங்கு திறந்த பிறகுதான் இரண்டாவது திறக்கவே தொடங்கும். உங்கள் காரில் அந்தப் பெரிய துளை இதுவரை ஒருநாளும் திறந்ததில்லை! மேட்டில் இழுக்காததில் ஆச்சரியமில்லை.

80 டிகிரிக்கு 30 மி.மீ. லீவரில் கேபிள் 39 மி.மீ. நகர வேண்டும். அதற்குப் பெடல் தண்டில் கேபிள் மாட்டும் துளை அச்சிலிருந்து 117 மி.மீ. தள்ளிப் போக வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் லீவரை 25 மி.மீ. ஆக்குங்கள். அப்போது 32 மி.மீ. நகர்ந்தால் போதும், பெடலில் 96 மி.மீ. இன்னும் குறைக்கலாம்தான், ஆனால் லீவர் குட்டையாக ஆக ஆகக் கேபிளில் இழுவிசை ஏறும், உராய்வும் கூடும். பெடல் பக்கம் இடம் இருந்தால் லீவரின் நீளத்தைக் குறைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

பைக் கேபிளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கை இழுப்புக்கு ஏற்றது, கால் அதைவிடப் பல மடங்கு பலமானது. அதனால் பெடலுக்கு அடியில் ஒரு போல்ட்டை நிறுத்தமாக வையுங்கள். கார்புரேட்டர் முழுக்கத் திறக்கும் அதே இடத்தில் பெடல் அதில் முட்ட வேண்டும். இல்லையென்றால் காலின் முழுப் பலமும் கேபிளிலும் ஸ்பிண்டிலிலும் இறங்கும். காலை எடுத்த நிலையில் கேபிளில் 1 முதல் 2 மி.மீ. தளர்வு இருக்கட்டும், அப்போதுதான் லீவர் ஐட்லிங் ஸ்க்ரூவில் (காலை எடுத்த நிலையில் இன்ஜின் வேகத்தை வைக்கும் திருகு) போய் உட்காரும்.

முடித்ததும், இன்ஜின் ஓடாதபோது ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக் தகடுகளைத் திறந்து பிடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். இன்னொருவர் பெடலை மெதுவாக ஒரே ஒருமுறை மிதிக்கட்டும். சோக்குக்குக் கீழே, இரண்டு துளைகளையும் திறந்து மூடும் தகடுகள் இரண்டும் செங்குத்தாக நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டாம், ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டரில் உள்ள பம்ப் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். தரை விரிப்பு பெடலில் சிக்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: புதுக் கேபிளுக்குள் எண்ணெய் விடலாமா?

பதில்: உள்ளே நைலான் உறை இருந்தால் வேண்டாம், எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். வெறும் இரும்புச் சுருள் அவுட்டர் என்றால் சில துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் மாற்றிய பின் இரண்டு ஆக்சிலரேட்டர் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகிவிட்டன. ஸ்டார்ட் செய்யும்போது கருகிய வாசனை வருகிறது. கேபிள் உறையும் உருகியிருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் இல்லை. என்ன காரணம்?

பதில்: இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். வேலை செய்தபோது கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம், அல்லது பெயின்ட், துருவின் மேல் முடுக்கியிருக்கலாம். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் நூறு ஆம்பியரைத் தாண்டும். அது திரும்பிப் போக வேறு வழி இல்லாதபோது உங்கள் மெல்லிய கேபிள் வழியாகப் போகிறது. கம்பி சூடாகி, உறையை உருக்கி, அதிலேயே ஒட்டிக்கொள்ளும். திறந்த நிலையில் ஒட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். பட்டையின் இரு முனைகளையும் பளபளவென்று சுரண்டி முடுக்கிய பிறகே மூன்றாவது கேபிளை மாட்டுங்கள். சூடு கண்ட பழையதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.