எஸ்.ஜி.பி.டி. ஏறினால் கல்லீரல் பழுதா?

கேள்வி: எனக்கு வயது 46. தொந்தரவு ஏதும் இல்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 58, எஸ்.ஜி.ஓ.டி. 41, பிளேட்லெட் 2,50,000 என்று வந்திருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. 40 வரைதான் இருக்கலாமாம். கல்லீரல் பழுதாகிவிட்டதா? ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனை அவசியமா?

பதில்: இந்த ரத்தப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் 'கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை' என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நீங்கள் குறிப்பிடும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரண்டு நொதிகளும் கல்லீரலின் வேலைத்திறனைச் சொல்வதில்லை. செல்லுக்குள் இருக்க வேண்டியவை, செல் காயப்படும்போது ரத்தத்தில் கசிகின்றன, அந்தக் கசிவைத்தான் அளக்கிறோம். வேலைத்திறனை அறியக் கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் என்ற புரதத்தையும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தையும், ஓரளவுக்கு பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியையும் பார்க்க வேண்டும். அறிக்கையின் அடியில் கிடக்கும் அல்புமினைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதே இல்லை.

இயல்பு வரம்பு என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரின் அளவுகள் அடங்குமாறு வகுக்கப்படுவது. ஆகவே நோயற்ற சிலரும் அதைத் தாண்டியே நிற்பார்கள். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இருப்பதால், கடும் உடற்பயிற்சிக்குப் பின் அதுவும் ஏறும்.

எனக்குப் பெரிய கவலை மறுபக்கத்தில்தான். கல்லீரல் இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிக்கும், நாள்பட்ட ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்று உள்ளவருக்கும் இதே எஸ்.ஜி.பி.டி. 30 என்று வரக்கூடும். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அவர் நிம்மதியாக வீடு திரும்பிவிடுவார்.

எனவே உங்கள் 58-ஐ மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பதைவிடக் காரணத்தைத் தேடுவதே மேல். மது, உடல் எடை, சர்க்கரை, சாப்பிடும் மருந்துகளும் மூலிகைகளும், ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றை மருத்துவர் விசாரிப்பார்; வயிற்று ஸ்கேனும் கேட்கலாம். கல்லீரலில் தழும்பு ஏறியிருக்கிறதா என்று ஊகிக்க ஃபிப்-4 என்றொரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கினால் உங்களுக்கு 1,886; பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் 250 என எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 1,904. முன்னதைப் பின்னதால் வகுக்க 0.99 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு.

ஆண்டுதோறும் தேவையா என்றால், சர்க்கரை நோய், உடல் பருமன், குடிப்பழக்கம், காசநோய் மருந்து போன்ற காரணம் இருப்பவர்களுக்குக் கண்காணிப்பு பயன்படும். எந்தக் காரணமும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பது மேலே சொன்ன விசாரணையில் தெரிந்துவிடும்.