ரேட்டிங் பக்கத்துல கேள்விக்குறி இருந்தா டோர்னமென்ட்ல சேர முடியாதா?

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு. இவ்ளோ நாளா என் அக்கவுண்ட்ல தான் செஸ் ஆடிட்டு இருந்தான், போன வாரம் தான் அவனுக்குன்னு லிசெஸ்ங்கிற ஆன்லைன் செஸ் தளத்துல தனியா ஆரம்பிச்சு குடுத்தேன். ரேட்டிங் (ஆட்டப் பலத்தைக் காட்டுற எண்) 1500க்கு கீழ இருக்கவங்களுக்கான பிளிட்ஸ் அரீனால, அதாவது சில நிமிஷத்துல முடியுற வேகமான ஆட்டங்களோட டோர்னமென்ட்ல சேரப் போனா ஜாயின் பண்ண விடல. ரேட்டிங் 1480, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. என்ன தப்பு பண்ணோம்?

பதில்: தப்பே இல்லைங்க, தனி அக்கவுண்ட் வச்சுக் குடுத்தது தான் சரி. லிசெஸ்ல புதுசா வர்ற எல்லாருக்குமே 1500 தான் குடுப்பாங்க, அதனால அந்தக் கேள்விக்குறிக்கு அர்த்தம் 'இவரோட பலம் இன்னும் சரியா தெரியல' அவ்வளவு தான். ஒரு தடையும் இல்லன்னா நல்லா ஆடுறவங்க புது அக்கவுண்ட்ல வந்து சின்னப் பசங்களோட அரீனால பூந்து ஜெயிச்சுட்டுப் போயிடுவாங்க, அதுக்காகத் தான் இத்தனை ரேட்டட் கேம் (ரேட்டிங் ஏறி இறங்குற ஆட்டம்) ஆடியிருக்கணும்னு கண்டிஷன் வைக்கிறாங்க. டோர்னமென்ட் பக்கத்துலயே எழுதியிருக்கும், முதல்ல அதைப் படிங்க. கேஷுவல் கேம் கணக்குல வராது, பிளிட்ஸ் அரீனாவுக்கு பிளிட்ஸ் கேம் தான் ஆடணும், அதைவிட வேகமான புல்லெட் எவ்ளோ ஆடினாலும் பிரயோஜனம் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் ரேட்டிங் தனி. இன்னொண்ணு, இன்னைக்கு 1480 இருந்தா மட்டும் போதாது, கடைசி ஒரு வாரத்துல 1500ஐ தாண்டியிருக்கவும் கூடாது.

அவசரத்துக்குன்னு மறுபடி உங்க அக்கவுண்ட்ல மட்டும் ஆட விடாதீங்க. ஒருத்தர் அக்கவுண்ட்ல இன்னொருத்தர் ஆடுறது விதிப்படி தப்பு, அக்கவுண்ட்டையே மூடிட்டா குழந்தை மனசு தாங்காது. கிட் மோடும் போட்டு விடுங்க, சாட் எல்லாம் வராது.

கேள்வி: எனக்கு ஆன்லைன் ரேட்டிங் 2250. செஸ்.காம் தளத்துல நடக்குற டைட்டில்டு டியூஸ்டே போட்டில ஆடலாமா?

பதில்: முடியாதுங்க, அது கிராண்ட்மாஸ்டர் மாதிரி டைட்டில் வாங்கினவங்களுக்கு மட்டும். அதுல கீழ்ப்படியான கேண்டிடேட் மாஸ்டர் டைட்டிலுக்கே ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 2200 வேணும், ஆன்லைன் ரேட்டிங்கும் அதுவும் ஒண்ணு இல்ல. நேர்ல நடக்குற ரேட்டட் டோர்னமென்ட்ல ஆடி ஏத்துறது தான் வழி. 2250 வரைக்கும் வந்துருக்கீங்க, விட்டுடாதீங்க.

கேள்வி: பரிசுத்தொகை இருக்குற போட்டிக்கு ரெண்டு கேமரா வைக்கச் சொல்றாங்க. இது அவசியமா? நடுவுல நெட் போச்சுன்னா?

பதில்: அவசியம் தான். ஒண்ணு முகத்துக்கு, இன்னொண்ணு பக்கவாட்டுல திரையும் கையும் தெரியுற மாதிரி. ஸ்கிரீன் ஷேர் கேக்குறதும் உண்டு, ஹெட்போன் போடக்கூடாதுன்னும் சொல்வாங்க. நேர்மையா ஆடுறவங்களைக் காப்பாத்துறதே இது தான்னு நான் நினைக்கிறேன், சங்கடப்படாம வைங்க, முந்தின நாளே ஒரு தடவை செட் பண்ணி ஓட்டிப் பாத்துடுங்க. நெட் போனா பெரும்பாலும் கடிகாரம் நிக்காது, டைம் முடிஞ்சா தோல்வி தான். 2020 ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் ஃபைனல்ல ரஷ்யாவுக்கு எதிரா ஆடின இந்தியாவோட நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து டைம்ல தோத்தாங்க, அது பெரிய அளவுல நடந்த நெட் கோளாறுங்கிறதால இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்து தங்கம் குடுத்தாங்க. நம்ம வீட்டு ரவுட்டர் அணைஞ்சா அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது, அதனால மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் தயாரா வச்சுட்டு உக்காருங்க.