தற்காலிக உத்தரவுதான், ஆனால் துப்பாக்கியைக் கொடுத்தே ஆகவேண்டும்

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறேன். அடி தாங்க முடியாமல் கோர்ட்டுக்குப் போய், கணவர் மேல் தற்காலிகத் தடை உத்தரவு வாங்கினேன். போன வாரமே அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவரிடம் இரண்டு பிஸ்டல் இருக்கிறது. "இது தற்காலிகம்தான், விசாரணை முடியும்வரை துப்பாக்கிச் சட்டம் என்னைத் தொடாது, அதுவரை அண்ணன் வீட்டில் இருக்கட்டும்" என்று மாமியார் மூலம் சொல்லி அனுப்புகிறார். இது சரியா?

பதில்: சரியில்லை, சகோதரி. உங்கள் கணவர் பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறார்.

அமெரிக்க மத்தியச் சட்டம் வேறு, கலிபோர்னியா சட்டம் வேறு. 1994-இல் வந்த மத்தியச் சட்டப்படி, எதிர்த்தரப்புக்கு முறையாகத் தகவல் கொடுத்து, பேச வாய்ப்புள்ள விசாரணை நடத்தி, அதன் பிறகு போட்ட உத்தரவாக இருந்தால்தான் துப்பாக்கித் தடை வரும். அவர் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். ஆனால் கலிபோர்னியா அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. தற்காலிக உத்தரவு கையில் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் துப்பாக்கியைப் போலீசிடமோ, உரிமம் பெற்ற டீலரிடமோ கொடுத்துவிட வேண்டும், அதற்கான ரசீது 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. அண்ணனிடம் கொடுத்தது இதில் செல்லவே செல்லாது. சாதாரண நாளிலேயே அங்கே அண்ணன் தம்பிக்குள் துப்பாக்கி கைமாற வேண்டுமென்றால் டீலர் வழியாகத்தான் போகவேண்டும், ஆக அந்த அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சிக்கல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் உத்தரவை எடுத்து, தொடர்பு கொள்ளக்கூடாது என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்று இருக்கும். அப்படி இருந்தால் மாமியார் மூலம் சொல்லி அனுப்பியதே உத்தரவை மீறியதுதான். அது வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழிக்காதீர்கள், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று அவர் தரப்பே ஒப்புக்கொள்கிற செய்தி அது, இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

அப்புறம், கோர்ட் கிளார்க்கிடம் போய் டிவி-800 என்ற ரசீதுப் படிவம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விசாரணை நாள்வரை காத்திருக்காமல், உத்தரவின் நகலோடு போலீசிடம் சொல்லுங்கள். விசாரணை அன்றைக்கும் நீதிபதியிடம் இதையே முதலில் சொல்லுங்கள். நீங்களாக அந்த வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைத் தேடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், தயவுசெய்து.

விசாரணைக்குப் பிறகு உத்தரவு உறுதியானால் மத்தியச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். முறையாகத் தகவல் கிடைத்தும் அவர் வராமல் இருந்தால், வராததைச் சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. மீறினால் 15 ஆண்டுவரை சிறை. "அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது" என்று யாராவது சொல்லக்கூடும், 2023-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் டெக்சாஸைச் சேர்ந்த ரஹீமி என்பவரின் அந்த வழக்கிலேயே 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் அதை மாற்றி, சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அவர் வேலை போய்விடுமே, வாபஸ் வாங்கு என்று மாமியார் கெஞ்சலாம். இந்த உத்தரவு குற்றத் தண்டனை இல்லை. ஆனால் அதை மீறினால் கிரிமினல் வழக்கு வரும், அவர் குடியுரிமை பெறாதவர் என்றால் நாடு கடத்தலில்கூடப் போய் முடியலாம். அப்படி ஆகாமல் இருப்பது, துப்பாக்கியை இன்றைக்கே ஒப்படைக்கும் அவர் கையில்தான் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை.

விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் இப்போதே கோர்ட்டில் கேட்டு வையுங்கள், கட்டணம் கிடையாது. அவர் வீட்டுப் பக்கம் வந்தால் யோசிக்காமல் 911.